மூன்றாம் அறிக்கை

இரண்டாம் பாமாலை முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள், நானும் உட்கார்ந்தேன். இன்னும் கால்மணி நேரத்தில் என் பேரை வாசிப்பார்கள். வாசிக்கப்போவது என் பேராக இருக்குமா என்பதுதான் தெரியவில்லை. போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் வாசித்தது வேறு யாருடைய பேரையோ. என் பேர் சூலமித்தி. புதிதாக மாற்றலாகி வந்திருக்கிற ஐயர், எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், இரண்டு தடவையும் காகிதத்தைக் கைநீட்டத்துக்குத் தள்ளிப் பிடித்து "சூனேமித்தி" என்று வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது, நடக்கக்கூடாது என்பதற்கு யாருக்காவது தடை தெரிந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று மூன்று ஞாயிறு கேட்கிற விவாக அறிக்கை அது. முதல் ஞாயிறு, யாரோ ஒரு சூனேமித்திக்கும் அதிசயராஜுக்கும் கல்யாணம் என்று என் காதில் விழுந்தது. யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கட்டும் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளிய பிறகுதான் அது நான் என்று பிடிபட்டது. "சும்மா இரிட்டி, நான் அப்புறமாச் சொல்லுதேன்" என்றாள். நான் சும்மாதான் இருந்தேன். சும்மா இருப்பதில் என்னை அடித்துக்கொள்ள இந்தச் சேகரத்துச் சபைகள் எதிலும் ஆள் கிடையாது. பெண்கள் பக்கத்து மின்விசிறி ஒன்று டக் டக்கென்று அடித்துக்கொண்டு சுற்றுகிறது, அதற்கு நேர் கீழே நாங்கள். விழுந்தால் எங்கள் மேல்தான் விழும். விழுந்தால் அறிக்கை தள்ளிப்போகுமா? சீச்சீ, கோயிலில் உட்கார்ந்து நினைக்கிற நினைப்பா இது.

முதலில் ஐயருக்குக் கண்தான் கோளாறு என்று நினைத்தேன். நான் பன்னிரண்டு வருஷமாகக் கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறவள், காகிதத்தைத் தள்ளிப் பிடிக்கிற யாரைப் பார்த்தாலும் வெள்ளெழுத்துக்கு ஒன்றரை போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் கோளாறு கண்ணில் இல்லை. இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மா போய்ச் சொன்னாள், நானும் பின்னால் நின்றேன். ஐயர் நல்ல மனுஷர், சிரித்த முகம். "தெரிஞ்சுதான்மா வாசிச்சேன். பதிவேட்டுல யாரோ தப்பா எழுதிட்டாங்க. சூனேம் ஊர்க்காரி ஒருத்தி தீர்க்கதரிசிக்குக் கட்டிலும் மேசையும் போட்டுக் குடுத்து உபசரிச்சால்ல, அந்தப் பேராத்தான் இருக்கும். மத்தப் பேரை யாரு பிள்ளைக்கு வைப்பா?" என்றார். மத்தப் பேர் என்று சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்கினார். வேதத்தின் நடுவில் ஒரு காதல் பாட்டு இருக்கிறது. அதைக் கோயிலில் யாரும் அதிகம் வாசிப்பதில்லை, வாசித்தாலும் அது சபையைப் பற்றி, ஆத்துமாவைப் பற்றி என்று சொல்லிவிட்டு அவசரமாகத் தாண்டிப் போவார்கள். அதில் வருகிறவள் சூலமித்தி. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லய்யா, இவ அப்பாதான் வச்சாவ" என்றாள், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி. ஐயர், "அப்படியே பார்த்தாலும் சூலேம், சூனேம் ரெண்டும் ஒரே ஊருன்னு சொல்லுறாங்கம்மா. அது பேரே இல்ல, ஊர்க்காரின்னு அர்த்தம். விடுங்க, ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். ஆண்டவருக்குத் தெரியும், சரி. அதிசயராஜுக்குத் தெரிய வேண்டாமா? எனக்குத் தெரிய வேண்டாமா? அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் இதே யோசனை. முப்பத்தாறு வருஷமாக நான் பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தது பேரே இல்லையா. தூத்துக்குடிக்காரி என்று ஒருத்திக்குப் பேர் வைத்து, அதை ரேஷன் கார்டிலும் எழுதி, அவளும் கூப்பிட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டு திரிந்த மாதிரி. விளக்கவுரைப் புத்தகம் ஒன்றில் இன்னொன்றும் போட்டிருந்தது, அந்தப் பாட்டில் வருகிற ராஜாவின் பேரைப் பெண்பாலாக ஆக்கினது என்று. அப்படியென்றால் அவருடையவள் என்றுதான் அர்த்தம். ஊருடையவள், இல்லாவிட்டால் அவருடையவள். அவளுக்கென்று ஒரு பேரை யாரும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது.

வேதத்திலிருந்து நிருபம் வாசிக்கிறார்கள். யாரோ காலேஜ் பெண், வேகமாக வாசிக்கிறாள், ஒரு வார்த்தையும் உள்ளே இறங்கவில்லை. பதின்மூன்று வயதில் நான் இதே பெஞ்சில், பழைய ஐயரின் முக்கால் மணி நேரப் பிரசங்கத்தில், வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பாட்டை வாசிப்பேன். அம்மா பார்த்துவிட்டுப் பக்தி என்று சந்தோஷப்படுவாள். சூலமித்தி என்கிற பேர் அதில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் கூட்டம் சேர்ந்துகொண்டு, திரும்பு, இப்படித் திரும்பு, உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவளைக் கூப்பிடுகிற இடம். வெட்கங்கெட்ட கூட்டம் என்று எனக்குக் கோபம் வரும். அவள் கறுப்பு. கறுப்புத்தான் ஆனாலும் அழகி என்று அவளே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள். அந்த ஆனாலும்தான் அப்போதும் தொண்டையில் நின்றது, இப்போதும் நிற்கிறது. அதிசயராஜின் அம்மா பெண் பார்க்க வந்தபோது காப்பியைக் குடித்துவிட்டு, "கறுப்புன்னாலும் களையா இருக்கா" என்றார். என் அம்மா, "முப்பத்தாறு வயசானாலும் பாத்தாத் தெரியாது" என்றாள். அவர், "எங்களவனுக்கும் நாப்பத்திரண்டு. லைன்மேன் வேலைன்னாலும் கவர்மெண்டு" என்றார். என் கல்யாணமே ஆனாலும் வைத்துக் கட்டின கல்யாணம். அதிசயராஜ் பேரில்தான் ராஜா. கம்பத்தில் ஏறி ஏறிக் கால் இரண்டும் கொஞ்சம் வளைந்திருக்கும். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார், முன்பல் ஒன்று உடைந்தது என்பதற்காக. அவரை எனக்குப் பிடித்திருக்கிறதா? பிடிக்கவில்லை என்று சொல்ல ஒன்றுமில்லை. அது பிடித்திருப்பது ஆகுமா? கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. புதுச்சேலையின் கஞ்சி கழுத்தில் உரசுகிறது.

பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே அவரை எனக்குத் தெரியும். ஒரு வருஷம் முன்பு ஆஸ்பத்திரிக்கு வந்தார், கம்பத்தில் மேலே இருந்து பார்த்தால் கம்பி இரண்டாகத் தெரிகிறது என்று. இருட்டறையில் உட்கார வைத்து, கைப்பிடி வைத்த சின்ன லென்ஸைக் கண் முன்னால் பிடித்துப் புரட்டிப் புரட்டிக் கேட்டேன். இது எங்கள் தினப்படிப் பாட்டு. "முதலாவது நல்லாத் தெரியுதா, ரெண்டாவது நல்லாத் தெரியுதா?" ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் இதைக் கேட்கிறவள், எனக்கு எது நல்லாத் தெரிகிறது என்று சொல்லத் தெரியாதவளாக இருப்பதை நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிலர் பரீட்சை என்று நினைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். அவர் அப்படி இல்லை. முதலாவது, முதலாவது, ரெண்டாவது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றார். நான் சீட்டை எழுதிக் கொடுத்தேன். போகும்போது, "உங்க பேரு பலகையில போட்டிருக்குல்லா, நான் அதை மொதல்ல வாசிச்சுட்டேன், கண்ணாடி இல்லாமலே" என்றார், வாயை மூடிச் சிரித்தார். அவர் அதைச் சரியாக வாசித்தார். சூலமித்தி என்று. இதை நினைக்கவே மறந்துபோயிருந்தேன், இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் ரெண்டும் ஒண்ணு என்கிற அதே வார்த்தையை நேற்று மத்தியானம் போனிலும் சொன்னாரே. "ஐயர் பேரைத் தப்பா வாசிக்காவல்லா. பேர் தப்புன்னா அறிக்கை செல்லாது, திரும்ப மொதல்ல இருந்து மூணு வாரம் வாசிக்கணும்னு எங்க மாமா சொல்லுதாவ. யாரும் கேக்கலன்னா அப்படியே போயிரும்கிறாவ. நான் போய் ஐயர்ட்ட பேசட்டுமா, வேண்டாமா?" என்றார். "புதன்கிழமை கல்யாணத்தை வச்சுக்கிட்டா? பந்தல் போட ஆரம்பிச்சாச்சே" என்றேன். "அதான் கேக்கேன்." "உங்களுக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டேன். அவருக்குப் பின்னால் ஏதோ லாரி போனது. "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்க பேரு, நீங்கதான் சொல்லணும்" என்றார். ரெண்டும் ஒண்ணுதான் என்றால்? புதன்கிழமை நான் வந்தாலும் சரி, இன்னும் மூன்று வாரம் கழித்து வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரியா? நேற்று மத்தியானத்திலிருந்து இந்த ஒரு வார்த்தை பல்லிடுக்கில் மாட்டின நார் போல.

எல்லாரும் எழுந்திருக்கிறார்கள், சுவிசேஷம். நானும் எழுந்தேன், ஒரு விநாடி பிந்தி. எப்போதும் ஒரு விநாடி பிந்தித்தான். அந்தப் பாட்டில் அவளும் பிந்தினவள். அவன் வந்து கதவைத் தட்டுவான், இவள் உள்ளே படுத்துக்கொண்டு, உடுப்பைக் கழற்றிவிட்டேனே, காலைக் கழுவிவிட்டேனே, மறுபடியும் எப்படி அழுக்காக்குவது என்று யோசிப்பாள். யோசித்து முடித்துத் திறந்தால் அவன் இருக்கமாட்டான். எனக்கு இருபத்தேழு வயதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் தனியாக இருந்தேன், வீட்டைத் துடைத்துவிட்டு, காலைக் கழுவிவிட்டு, தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம். "சூலா" என்று ஒரு குரல். ஆஸ்பத்திரியில் லேப் பார்க்கிற டென்னிஸ். ஒரு வருஷமாகக் கேண்டீனில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமலே சாப்பிட்டவன். வந்துவிட்டான் என்றதும் நெஞ்சு தண்டவாளம் மாதிரி அதிர்ந்தது. ஆனால் நைட்டியில் இருக்கிறேனே. தலை எண்ணெய் வழிகிறதே. துடைத்த தரை இன்னும் காயவில்லையே. சேலையை எடுத்தேன், பிளவுஸைத் தேடினேன், இன்னொரு தடவை தட்டினான், இதோ என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் ஓடிப்போய்க் கதவுக் கொண்டியைப் பிடித்தால் கையெல்லாம் எண்ணெய், கொண்டி வழுக்கிக்கொண்டே போனது. திறந்தேன். துடைத்த ஈரம் காயாத படியில் செருப்புத் தடம் மட்டும் இருந்தது. அள்ளிச் சொருகின சேலையோடு தெருமுனை வரைக்கும் ஓடினேன். ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு பேர், "என்னம்மா, யாரைத் தேடுத? தலையெல்லாம் விரிச்சுப் போட்டுக்கிட்டு" என்று கேட்டுச் சிரித்தார்கள். முந்தானை தோளில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த மாதம் அவன் தோகாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். போவதற்கு முன்னால் கேட்கத்தான் வந்தேன், வீட்டில் யாருமில்லை என்று நினைத்தேன் என்று யாரிடமோ சொன்னானாம். அவ்வளவுதான், ஒரு கொண்டி. ஒன்பது வருஷமாக எந்தக் கதவைத் திறந்தாலும் முதலில் கையைச் சேலையில் துடைத்துக்கொள்கிறேன். இப்போதும் துடைத்தேன், புதுச்சேலையில். அம்மா முறைத்தாள்.

அதனால்தானே இந்தத் தடவை அவசரப்பட்டேன். அதிசயராஜ் பெண் பார்த்துவிட்டுத் தனியாகப் பேசட்டும் என்று விட்டபோது, "உங்களுக்கு" என்று அவர் ஆரம்பித்ததும், முடிப்பதற்குள், "சம்மதம்" என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்கவந்தது உங்களுக்குச் சர்க்கரை போடலாமா என்பதாகக்கூட இருந்திருக்கலாம். சம்மதம் என்று சொன்னது யார்? நானா, பிந்திவிடக்கூடாது என்கிற பயமா? மனசு எது, பயம் எது என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், இரண்டுக்கும் ஒரே வியர்வை, ஒரே படபடப்பு. அவளாக மனம் வைக்கிற வரைக்கும் அவளை எழுப்பாதீர்கள் என்று அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும். அவளாக மனம் வைத்துவிட்டாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த இரண்டு வாரமும் ஒரு பொல்லாத நிம்மதி உள்ளே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணம் ஆகப்போவது சூனேமித்திக்கு, எனக்கில்லை. கட்டிலும் மேசையும் போட்டுக் கொடுக்கிற நல்லவளுக்கு. அவள் போகட்டும், புதன்கிழமை அவளே தாலியை வாங்கிக்கொள்ளட்டும், நான் பேசாமல் இருட்டறையில் உட்கார்ந்து முதலாவதா ரெண்டாவதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் ஐயர் தப்பாக வாசிப்பார், நானும் சும்மா இருப்பேன், எல்லாம் நடந்துவிடும், என்னைத் தொடாமலே நடந்துவிடும். அப்புறம் எந்த ராத்திரியிலாவது அதிசயராஜ் என்னைச் சூலமித்தி என்று கூப்பிட்டால்? அப்போது நான் எங்கே இருப்பேன்?

விசுவாசப் பிரமாணம் சொல்லி முடித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். அறிவிப்புகள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் வெள்ளிக்கிழமை. அசனப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு அரிசி கொடுக்கிறவர்கள் இந்த வாரமே கொடுத்துவிட வேண்டும். யாரோ ஒரு சாவிக்கொத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், மூன்று சாவி, ஒன்று துருப்பிடித்தது. நான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் அவர், வெள்ளைச் சட்டை, நான் எழுதிக் கொடுத்த கண்ணாடி. என்னைப் பார்க்கவில்லை, சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தன்னுடையதோ என்று பையைத் தடவுகிறார். அம்மா என் பக்கம் சாய்ந்து, "அந்தப் பேரையே வாசிச்சாலும் வாயத் திறந்துராத. புதன்கிழமை தாண்டட்டும்" என்றாள். அப்புறம் தனக்குத்தானே சொல்வது போல, "என்ன எழவுக்கு இந்தப் பேருன்னு அன்னைக்கே உங்கப்பாட்ட கேட்டேன். மனசுல உள்ளதச் சொல்லுத பிள்ளையா வரட்டும்னாவ. நல்லா வந்த போ" என்றாள். இதை அம்மா இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. முப்பத்தாறு வருஷம் வைத்திருந்துவிட்டு, சொல்ல அவளுக்கு இந்த நேரம்தான் கிடைத்தது. ஐயர் அடுத்த காகிதத்தை எடுத்தார். கைநீட்டத்துக்குத் தள்ளிப் பிடித்தார். ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அதிசயராஜ் அதைச் சொன்னதும் நான் ஏன் சீட்டை எழுதினேன்? அந்த லென்ஸை வைத்துக்கொண்டு எதற்காகப் புரட்டிப் புரட்டிக் கேட்கிறோம்? ஒன்று நன்றாகவும் ஒன்று மங்கலாகவும் தெரிகிற வரைக்கும் பவர் சரியில்லை என்று அர்த்தம், இன்னும் திருப்ப வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் தெரிகிறது என்று எப்போது சொல்கிறார்களோ அதுதான் இடம், அங்கே நிறுத்திவிட வேண்டும். படிக்கும்போது முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுத்தது. புதன்கிழமையும் ஒன்றுதான், மூன்று வாரம் கழித்தும் ஒன்றுதான் என்று ஒரு மனுஷன் சொல்கிறார். அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறார். நான்தான் இன்னும் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். அப்படித்தானா? அப்படித்தான் என்று யார் சொல்வது?

"மின்வாரியத்தில் பணிபுரியும் அதிசயராஜ் என்பவருக்கும், நமது சபையைச் சேர்ந்த சூனேமித்தி என்பவருக்கும்" என்றார் ஐயர். டக் டக் என்று மின்விசிறி. "இவர்கள் விவாகம் செய்துகொள்ளத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம். இது மூன்றாம் முறை." சொன்னதும் வழக்கம்போல் ஒரு சின்ன இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில் யாரும் எதையும் சொன்னதில்லை, என் ஆயுசில் நான் கேட்டதில்லை. உள்ளங்கை எண்ணெய் தடவினது மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. முன்பெஞ்சின் முதுகைப் பிடித்தேன், வழுக்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. அம்மா சேலையைப் பிடித்து இழுக்கிறாள். "தடை இருக்கு ஐயா" என்றேன். கோயில் முழுக்கத் திரும்பியது. அத்தனை முகமும் என் பக்கம். திரும்பு, உன்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்காமலே அவர்களே திரும்பிவிட்டார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். "அது என் பேரு இல்ல. என் பேரு சூலமித்தி. எங்க அப்பா தெரிஞ்சுதான் வச்சாவ." ஐயர் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. மெதுவாக, "அம்மா, இப்ப மாத்தினா முதல்ல இருந்து வாசிக்கணும். புதன்கிழமை நடத்த முடியாது. யோசிச்சுச் சொல்லுறீங்களா?" என்றார். யோசித்து. முப்பத்தாறு வருஷமாக யோசித்துக்கொண்டுதானே இருக்கிறேன். "முதல்ல இருந்தே வாசிங்க ஐயா. எனக்குத்தான் கல்யாணம், என் பேர்ல நடக்கணும். நான் எங்கயும் போகமாட்டேன்." அதைச் சொல்லும்போதுதான் எனக்கும் அது தெரியவந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, வெட்கமில்லாமல் வந்தது. ஆண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. தூணுக்குப் பக்கத்தில் அதிசயராஜ் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்படியே வாசிங்க ஐயா" என்றார். வாயை மூடிக்கொள்ளவில்லை, உடைந்த பல் தெரிந்தது.

உட்கார்ந்தேன். "பந்தக்காரன்ட்ட யாரு போய்ச் சொல்லுவா?" என்று அம்மா காதுக்குள் சீறினாள். "நான் சொல்லுதேன்" என்றேன். "உங்க அத்தைமாருக்கு?" "அதையும் நானே சொல்லுதேன்." அம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அழுதாளா வியர்வையா என்று நான் பார்க்கவில்லை. ஐயர் பேனாவை எடுத்துக் காகிதத்தில் ஏதோ அடித்தார், எழுதினார், எழுதினதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சூலமித்தி என்று வாசித்தார். பெரிய கோயில், மேற்கூரை உயரம், பேர் அங்கே போய்ப் பட்டுக் கீழே வந்தது. ஊரோ, ராஜாவோ, என்னவோ, வந்து சேர்ந்தது என்னிடம்தான். "இது முதல் முறை" என்றார். தடை ஏதும் உண்டா என்று மறுபடியும் கேட்டார். அதே இடைவெளியை விட்டார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். இந்தத் தடவை நான் உட்கார்ந்தே இருந்தேன்.